காற்றில் ஈரம், நெஞ்சில் ஈரம்

மலேசியக் காற்றில் ஈரப்பதத்திற்குக் குறைவில்லை. காலையில் உலர்த்திய துணி மாலைவரை காயாமல் இருப்பதுண்டு. அலமாரியில் வைத்த காலணியில் பூஞ்சை படிவதுண்டு. இத்தகைய நாட்டில், அறையின் காற்றுக்கு ஈரம் ஊட்டவும் ஒரு கருவி தேவைப்படும் என்றால் பலர் வியப்படைவர். ஆயினும், சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள சுங்கை வே போன்ற தொழில் வட்டாரங்களில் அத்தகைய தேவை எழுவதுண்டு. 1970ஆம் ஆண்டுகளில் சுங்கை வேயில் தடையற்ற வாணிப மண்டலம் உருவானது. அங்கு மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. நுண்ணிய மின்னணுப் பொருள்கள் உருவாகும் கூடங்களில் குளிரூட்டிகள் இரவும் பகலும் இயங்கும். குளிரூட்டி காற்றிலுள்ள நீராவியையும் உறிஞ்சி வெளியேற்றுகிறது. காற்று அளவுக்கு மீறி உலர்ந்தால், உராய்வினால் பொருள்களின்மீது நிலைமின் தேங்கும். ஒரு விரல் பட்டாலே நுண்சில்லு பழுதாகிவிடக்கூடும். எனவே, இத்தகைய கூடங்களில் காற்றின் ஈரப்பதம் மிகாமலும் குறையாமலும் காக்கப்படுகிறது.

காற்றின் ஈரத்தை அளந்து ஆளும் இவ்வழக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் பிறந்ததன்று. அது பஞ்சாலையில் வளர்ந்தது. சென்ற நூற்றாண்டுக்கும் முற்பட்ட காலத்திலேயே, இந்தியாவில் தம் ஆலைக்கு ஈரமூட்டும் கருவிகளை வரவழைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஜாம்செட்ஜி நுஸர்வான்ஜி டாட்டா ஆவார்.

ஜாம்செட்ஜி டாட்டா 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குஜராத்தில் உள்ள நவ்சாரி எனும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் பார்சி சமயக் குருமார் மரபைச் சேர்ந்தது. தந்தையார் நுஸர்வான்ஜி அம்மரபிலிருந்து விலகிப் பம்பாயில் வாணிகம் செய்து வந்தார். மகனும் இளமையிலேயே பம்பாய் சென்று, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1858ஆம் ஆண்டில் கல்வியை முடித்தார். பின்னர், தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்து ஹாங்காங்கில் வாணிகம் பழகினார்.

அவருடைய வாழ்வின் முதல் பெருஞ்சோதனை இலண்டனில் வந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் இங்கிலாந்துக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்கவில்லை. அதனால், இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. 1865ஆம் ஆண்டில் போர் முடிந்ததும் அவ்விலை சரிந்தது. பம்பாயின் வணிகர் பலர் ஒரே நாளில் ஓட்டாண்டிகள் ஆயினர். இலண்டனில் இருந்த இளைஞர் டாட்டாவின் கையிலிருந்த பருத்திப் பத்திரங்களும் மதிப்பிழந்தன. அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களை நேரில் கண்டு கணக்குகளை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்கள், நொடித்த வணிகத்தின் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர்.

பிறர் உழைப்பில் விளைந்த பொருளை வாங்கி விற்பதைவிட, பொருளை ஆக்கித் தருவதே நாட்டுக்கு வளம் சேர்க்கும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. 1868ஆம் ஆண்டில் 21,000 ரூபாய் முதலீட்டில் சொந்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில், நொடித்துக் கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். சில ஆண்டுகளில் அதை இலாபத்திற்கு விற்றார். அதன்பின், உலகின் நெசவுத் தலைநகராக விளங்கிய இங்கிலாந்தின் லங்காஷயருக்குச் சென்று பருத்தித் தொழிலைக் கூர்ந்து கற்றார்.

அக்காலத்தில் ஆலை என்றாலே பம்பாய்தான். டாட்டாவோ நாட்டின் நடுவே உள்ள நாக்பூரைத் தேர்ந்தெடுத்தார். பருத்தி விளையும் நிலம் அருகில் இருந்தது. நிலக்கரியும் தொலைவில் இல்லை. இரயில் பாதையும் இருந்தது. ஆனால், அவர் வாங்கிய நிலமோ சதுப்பு நிலம். அதை மண்ணிட்டு நிரப்ப வேண்டியிருந்தது. செல்வர் ஒருவர், பொன்னை மண்ணில் கொட்டும் வேலை இது என்று எண்ணிப் பணம் தர மறுத்தார். பின்னாளில் ஆலை செழித்தபோது, டாட்டா மண்ணைக் கொட்டிப் பொன்னை அள்ளினார் என்று அவரே ஒப்புக்கொண்டாராம். 1874ஆம் ஆண்டில் 15 இலட்சம் ரூபாய் முதலீட்டில் நிறுவனம் பதிவானது. 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஆலை திறக்கப்பட்டது. அதே நாளில் விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். அதனால் ஆலைக்கு எம்பிரஸ் மில்ஸ் என்னும் பெயர் அமைந்தது.

ஆலையை நடத்தும் பொறுப்பைப் பெசோன்ஜி மேத்தா என்பவரிடம் டாட்டா ஒப்படைத்தார். அவர் இரயில்வேயில் பணியாற்றியவர். பஞ்சுத் தொழில் அறியாதவர். எனினும், அவருடைய திறமையையும் நாணயத்தையும் டாட்டா அறிந்திருந்தார். தொடக்கத்தில் செலவைக் குறைக்க எண்ணி மலிவான இயந்திரங்களை வாங்கியது தவறாக முடிந்தது. தவற்றை உணர்ந்த டாட்டா சிறந்த இயந்திரங்களை வரவழைத்தார். லங்காஷயர் ஆலைகளே தயங்கிய புதுவகை வளையக் கதிர்களையும் துணிந்து பொருத்தினார்.

இயந்திரத்தை மாற்றிவிடலாம், ஊரின் வானிலையை மாற்ற இயலுமா? லங்காஷயரில் பருத்தித் தொழில் செழித்ததற்கு அங்குள்ள ஈரக்காற்றும் ஒரு காரணம். பருத்தி இழை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. போதிய ஈரம் இருந்தால் இழை வலுவோடும் நெகிழ்வோடும் இருக்கும். காற்று உலர்ந்தால் இழை முறுகி எளிதில் அறுபடும். நிலைமின் தேங்கி இழைகள் ஒன்றையொன்று விலக்கும். பஞ்சுத்தூசு எங்கும் பறக்கும். நாக்பூரிலோ ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 45 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கும். பருத்திக்கு ஏற்ற ஈரப்பதமோ அதைப்போல் மும்மடங்கு. ஒவ்வொரு முறை நூல் அறும்போதும் தொழிலாளி கதிரை நிறுத்தி முடிச்சிட வேண்டும். வெளியே அனல், உள்ளே இயந்திரச் சூடும் பஞ்சுத்தூசும். இந்நிலையில் தொழிலாளர் பலர் வேலைக்கு வராமல் நின்றனர். வயலில் வேலை கிடைக்கும் பருவத்தில் இன்னும் பலர் நின்றனர்.

வறண்ட கூடத்திற்கு ஈரமூட்ட அக்காலத்தில் பல வழிகள் இருந்தன. தரையில் தண்ணீர் தெளிப்பது எளிய வழி. ஆயினும், தரை விரைவில் உலர்ந்துவிடும், ஈரமும் சீராகப் பரவாது. கொதிகலனின் நீராவியைக் குழாய்வழி கூடத்திற்குள் விடுவது மற்றொரு வழி. ஆலைகளில் கொதிகலன் ஏற்கெனவே இருந்ததால் இதற்குச் செலவு குறைவு. ஆனால், ஈரத்தோடு வெப்பமும் ஏறும். குளிர்நாடான இங்கிலாந்திலேயே இம்முறையால் நெசவாளர் துன்புற்றனர். நனைந்த உடையோடு வேலை செய்து, அப்படியே குளிரில் வீடு திரும்பி நோயுற்றனர். அவர்களின் எதிர்ப்பினால், நெசவுக் கூடத்தில் எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு ஈரப்பதம் இருக்கலாம் என்று வரையறுத்து 1889ஆம் ஆண்டில் பிரிட்டனில் சட்டம் இயற்றப்பட்டது. மூன்றாவது வழி, நீரை நுண்துளிகளாகச் சிதறச் செய்வது. நுண்துளி காற்றில் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், ஈரம் கூடும்; வெப்பம் சற்றே தணியும். எம்முறையாயினும், பழைய காற்று வெளியேறிப் புதிய காற்று உள்ளே வர வழி இல்லையேல் ஈரமே தொல்லையாகிவிடும். ஆகவே, ஈரமூட்டும் கருவியைத் தேர்ந்தெடுப்பவர் நூலை மட்டும் எண்ணினால் போதாது. அக்காற்றைச் சுவாசிப்பவரையும் எண்ண வேண்டும்.

டாட்டா இவ்விரண்டையும் எண்ணினார். எம்பிரஸ் ஆலையில் ஈரமூட்டும் கருவிகளோடு காற்றோட்ட வசதிகளையும் அமைத்தார். உலர்ந்த பஞ்சு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் என்பதால் தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்களையும் பொருத்தினார். அப்போது இந்தியாவில் நடப்பில் இருந்த 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களின் வேலைநேரத்திற்கு மட்டுமே வரம்பு விதித்தது. பெரியவர்கள் எத்தகைய காற்றில், எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்பதை அச்சட்டம் பொருட்படுத்தவில்லை. ஆகவே, டாட்டா செய்தது சட்டத்திற்கு அஞ்சிச் செய்ததன்று.

காற்றைச் சீராக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. வேலைக்கு வராதவருக்கு அபராதம் விதிப்பது அக்கால ஆலைகளின் வழக்கம். டாட்டாவோ ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களுக்கு விழா எடுத்துப் பரிசளித்தார். கைக்கடிகாரம் அறியாத அக்காலத்தில், சட்டைப்பைக் கடிகாரம் பரிசாகப் பெற்ற தொழிலாளர் பெருமிதம் அடைந்தனர். 1886ஆம் ஆண்டில் ஆலையில் ஓய்வூதிய நிதி தொடங்கப்பட்டது. 1895ஆம் ஆண்டில் வேலையிடத்தில் விபத்துக்குள்ளானோருக்கு இழப்பீடு வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. இந்தியாவில் இதற்கான சட்டம் 1923ஆம் ஆண்டில்தான் வந்தது. இன்று மலேசியாவில் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பு தொழிலாளருக்கு வழங்கும் பாதுகாப்பை நினைத்துப் பார்த்தால், அச்செயலின் அருமை விளங்கும்.

இவற்றால் டாட்டா இழந்தது ஒன்றுமில்லை. நூல் அறுவது குறைந்தால் துணியின் தரம் உயரும். பழகிய தொழிலாளர் நிலைத்து நின்றால் ஆலையின் விளைச்சல் பெருகும். ஆலை ஆண்டுதோறும் வளர்ந்தது. பங்குதாரரும் பயன் பெற்றனர். தொழிலாளர் நலமும் தொழிலின் வளமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை எம்பிரஸ் ஆலை மெய்ப்பித்தது. 1886ஆம் ஆண்டில், பம்பாய்க்கு அருகில் குர்லாவில் பாழடைந்திருந்த ஆலை ஒன்றை வாங்கி, சுதேசி மில்ஸ் எனப் பெயரிட்டு, பல இன்னல்களுக்கிடையே அவர் மீட்டெடுத்ததற்கும் நாக்பூரில் பெற்ற பட்டறிவே துணைநின்றது.

வாழ்வின் இறுதிக் காலத்தில் அவர் மூன்று பெருங்கனவுகளைச் சுமந்தார். எஃகு ஆலை ஒன்று, நீர்மின் நிலையம் ஒன்று, அறிவியல் ஆய்வுக்கழகம் ஒன்று ஆகியவையே அவை. 1902ஆம் ஆண்டில் தம் மூத்த மகன் தோராப்ஜிக்கு எழுதிய மடலில், எஃகு ஆலைக்காக எழும் நகரில் அகன்ற சாலைகளும், விரைவில் வளர்ந்து நிழல் தரும் மரங்களும், திடல்களும், எல்லாச் சமயத்தாரின் வழிபாட்டுத் தலங்களும் அமைய வேண்டும் என்று அறிவுறுத்தினார். ஆலை அமையும் இடமே அப்போது முடிவாகவில்லை. ஆயினும், அங்கு வாழப்போகிறவர்களின் நிழலைப் பற்றி அவர் எண்ணிவிட்டார். 1904ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் ஜெர்மனியில் உள்ள பாட் நௌஹைம் நகரில் அவர் காலமானார். அவருடைய மறைவுக்குப் பின், 1907ஆம் ஆண்டில் எஃகு நிறுவனமும் 1909ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் உருப்பெற்றன. நீர்மின் திட்டமும் நிறைவேறியது. எஃகு ஆலை எழுந்த ஊர் அவர் பெயரால் ஜாம்செட்பூர் என வழங்கலாயிற்று.

அவர் மறைந்து ஈராண்டுகள் கழித்து, 1906ஆம் ஆண்டில், அமெரிக்கப் பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டுவர்ட் கிராமர் ஆலைக் காற்றுக்கு ஈரமூட்டிச் சீராக்கும் முறைக்கு ஒரு புதுப்பெயர் சூட்டினார். இன்று நாம் வீட்டிலும் பள்ளியிலும் வழங்கும் ஏர்கண்டிஷன் என்னும் சொல்லே அது. அறையைக் குளிரச் செய்வதை மட்டும் குறிப்பதாக நாம் கருதும் அச்சொல், உண்மையில் வறண்ட பஞ்சாலைக்கு ஈரமூட்டும் முயற்சியில் பிறந்ததாகும்.

தமிழில் ஈரம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று நீரின் தன்மை. மற்றொன்று நெஞ்சின் அன்பு. சுங்கை வேயின் தொழிற்கூடச் சுவரில் தொங்கும் ஈரப்பதமானி முதல் பொருளை மட்டுமே அளக்கும். நாக்பூரின் அனல் காற்றில் நின்ற ஜாம்செட்ஜி டாட்டா, ஓர் ஆலைக்கு இரண்டுமே வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.