தன் அறிவின் வழி நின்ற இராஜாஜி

இராஜாஜி எனப் போற்றப்பெறும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார், 1878 டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழ் பெற்றவர், காந்தியடிகளின் வழி நிற்க அத்தொழிலைத் துறந்தார். எனினும் 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் தம் அறிவுக்கு ஒவ்வாமையால் அடிகளோடும் மாறுபட்டுத் தனித்து நின்றார்.

1952இல் சென்னை மாநில முதலமைச்சராகி, உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் 1953இல் அவரே எல்லை கடந்தார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகத் திட்டம் வகுத்தார். காஞ்சிப் பகுதி நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறிக்கே உரியவன் என அரசு முடிவு செய்தல் தகுமோ? எதிர்ப்பு வலுத்தது. 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

1959இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். தொழிலுக்கும் வணிகத்திற்கும் உரிமம், அனுமதி என விரிந்த அரசதிகாரத்தைக் கண்டித்தார். 1967 தேர்தலில் காஞ்சி தந்த அண்ணாவுடன் கூட்டுச் சேர்ந்தார். 1972 டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார்.

குடிமக்கள் தாமே சிந்தித்து முடிவு செய்யும் உரிமையை நல்லெண்ணத்தாலும் அரசு பறித்தல் ஆகாது. இதனை அன்னாரின் துணிவும் தவறும் ஒருங்கே உணர்த்துகின்றன.