மார்க் போலன்: மின்னி மறைந்த கிதார்க் கலைஞர்

ஒரு கலைஞரின் தகுதியை உரைக்க வல்லவர் யார்? கற்றறிந்த விமரிசகரா, உடனிருந்த நண்பரா, அன்றி அக்கலையில் மனம் பறிகொடுத்த எளிய சுவைஞரா? இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிறைவு காணும் வேளையில் இவ்வினா எழுவது இயல்பே. நம் துறைக்குச் சற்றே தொலைவில் நிற்கும் ஒருவரின் வாழ்க்கை இதற்கு விடை பகர்கின்றது. அவர் இங்கிலாந்து நாட்டு ராக் இசைக் கலைஞர் மார்க் போலன்.

1947 செப்டம்பர் 30ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஹாக்னிப் பகுதியில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மார்க் ஃபெல்ட். தந்தை யூத மரபினர். லாரி ஓட்டிக் குடும்பம் நடத்தியவர். தாய் சோஹோவின் பெர்விக் தெருச் சந்தையில் பழக்கடையில் உழைத்தவர். வளமற்ற அக்குடும்பம் மகனின் ஒன்பதாம் வயதில் கிதார் ஒன்றை வாங்கித் தந்தது. பள்ளிப் படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஆடை அணிவதில் சிறுவனுக்கிருந்த நாட்டமோ ஊரறிந்ததாயிற்று. 1962இல் ‘டவுன்’ என்னும் இதழ் புதுப்பாணி இளைஞரைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், பதினான்கு வயதுச் சிறுவனான அவருடைய படமும் இடம்பெற்றது. ஒப்பனையும் ஓர் ஆற்றலே என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார் எனலாம்.

1965இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது, கவனிப்பார் இல்லை. 1967இல் ஜான்ஸ் சில்ட்ரன் என்னும் குழுவில் சில திங்கள் கிதார் வாசித்தார். பின்னர் ஸ்டீவ் பெரெக்ரின் டூக் என்னும் இளைஞருடன் இணைந்து டைரனோசாரஸ் ரெக்ஸ் என்ற இருவர் குழுவைத் தொடங்கினார். தரையில் அமர்ந்து மின்னிணைப்பற்ற கிதாரை மீட்டிப் போலன் பாட, டூக் பாங்கோ முழக்குவார். மாயாவிகளும் பழங்கால விலங்குகளும் உலவும் கற்பனை உலகே அப்பாடல்களின் களம். வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் அவற்றை விரும்பி ஒலிபரப்பினார். கல்லூரி இளைஞரிடையே சிறியதொரு கூட்டம் சேர்ந்தது. 1969இல் ‘தி வார்லாக் ஆஃப் லவ்’ என்னும் கவிதை நூலையும் போலன் வெளியிட்டார். இசைக் கலைஞராக அறியப்பட்ட அவர் கவிஞராகவும் விளங்கினார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

1969இல் டூக் விலக, மிக்கி ஃபின் அவரிடத்தில் வந்தார். மறு ஆண்டில் போலன் இரு மாற்றங்களைச் செய்தார். குழுவின் பெயரை டி. ரெக்ஸ் எனச் சுருக்கினார், மின்கிதாரை முதன்மையாக்கினார். ‘ரைட் எ ஒயிட் ஸ்வான்’ என்னும் பாடல் மெல்ல மெல்ல ஏறி, 1971இன் தொடக்கத்தில் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை அடைந்தது. அடுத்து வந்த ‘ஹாட் லவ்’ ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அப்பாடலைத் தொலைக்காட்சியில் பாட வந்தபோது, பளபளக்கும் சாட்டின் உடை அணிந்து, கண்களின் கீழே மினுமினுக்கும் துகளைப் பூசியிருந்தார். கிளாம் ராக் என்னும் பாணியின் பிறப்பு அதுவே என்பர் இசை வரலாற்றாசிரியர்.

அவருடைய கிதார் வாசிப்பு விரல் வேகத்தால் வியக்க வைப்பதன்று. எளிய சில சுரக்கூட்டுகள், திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு குறுந்தொடர், உடலை அசைக்கும் தாளம், இவையே அதன் உயிர். 1950களில் சக் பெர்ரி காட்டிய வழி அது. அதனுடன் தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்ட்டி வயலின் முதலிய தந்தி இசைக் கருவிகளைச் சேர்த்தார். ‘கெட் இட் ஆன்’ பாடலும் ‘எலக்ட்ரிக் வாரியர்’ இசைத்தொகுப்பும் 1971இலேயே முதலிடம் பெற்றன. 1972இல் மேலும் இரு பாடல்கள் அவ்விடத்தைப் பிடித்தன. அவ்வாண்டு மார்ச் 18 அன்று வெம்ப்ளியில் நடந்த இரு நிகழ்ச்சிகளைப் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் திரைப்படமாக்கினார். அரங்கை நிறைத்துக் கூவியவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவியர்.

இங்குதான் பழி சூழ்ந்தது. தரையமர்ந்து பாடிய கவிஞர் பணத்துக்காகத் தம்மை விற்றுவிட்டார் எனப் பழைய சுவைஞர் பலர் முகம் திருப்பினர். ஆதரித்த ஜான் பீலும் புதிய இசையை ஏற்கவில்லை, நட்பு முறிந்தது. சிறுமியர் கூவும் இசையில் என்ன ஆழம் இருக்க இயலும் என்று கேட்டனர் விமரிசகர். புகழும் நெடிது நிற்கவில்லை. 1973க்குப் பின் அவர் வாழ்ந்த நாளில் எப்பாடலும் முதற் பத்து இடங்களுக்குள் வரவில்லை. விஸ்கோன்ட்டி பிரிந்தார். மதுவும் போதைப்பொருளும் உடலைக் குலைத்தன.

எனினும் அவர் மீண்டெழுந்தார். பாடகி குளோரியா ஜோன்ஸுடன் வாழ்ந்து, 1975இல் ரோலன் என்னும் மகனுக்குத் தந்தையானார். மூத்த கலைஞர் பலர் இகழ்ந்த பங்க் இசை இளைஞரை அவர் மனமுவந்து வரவேற்றார்; 1977இல் தி டேம்டு என்னும் குழுவைத் தம்முடன் சுற்றுப்பயணத்துக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே ‘மார்க்’ என்னும் தொலைக்காட்சித் தொடரை நடத்தினார். அதன் இறுதி நிகழ்ச்சியில் நெடுநாள் நண்பரும் போட்டியாளருமான டேவிட் போவி பங்கேற்றார். அது ஒளிபரப்பானபோது போலன் உயிருடன் இல்லை.

1977 செப்டம்பர் 16 விடியற்காலை. குளோரியா ஓட்டிவந்த மினி கார், பார்ன்ஸ் பகுதியில் சிறு பாலம் ஒன்றைக் கடந்ததும் சாலையோரம் மோதிச் சிதைந்து, சிக்கமோர் மரத்தருகே நின்றது. குளோரியா படுகாயமுற்றார். கார் ஓட்டக் கல்லாத போலன், முப்பதாம் பிறந்தநாளுக்கு இரு வாரங்களே இருக்க, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். எல்விஸ் பிரெஸ்லி மறைந்து அன்று சரியாக ஒரு திங்கள்.

அந்த மரத்தடியில் மலர்களும் மடல்களும் குவியத் தொடங்கின. கூவித் திரிந்த சிறுமியர் என்று எள்ளப்பட்டவர்கள் வளர்ந்து, மணந்து, பிள்ளைகள் பெற்ற பின்னும் அங்கு வருவதை விடவில்லை. 1997இல் நினைவுக் கல் நாட்டப்பட்டது. சுவைஞர் அமைப்பொன்று அந்த மேட்டின் பராமரிப்பை ஏற்று, ஏறிச்செல்லப் படிகளும் அமைத்தது. 2002இல் மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது. அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் டி. ரெக்ஸ் குழுவைத் தன் வரிசையில் சேர்த்ததோ 2020இல்தான். அறிஞர் அவை தலையசைக்க நாற்பத்து மூன்று ஆண்டுகள் கடந்தன. எளிய சுவைஞரோ ஒரு நாளும் காத்திருக்கவில்லை.

படைப்பாளியின் புகழை ஆண்டுகள் கடந்து சுமப்பவர் அன்புடையோரே. சாலையோரத்து மரம் ஒன்று நினைவிடமாக நிலைபெற்றதும் அவ்வன்பினாலேயாம்.