குருமடத்திலிருந்து ஆடுகளத்துக்கு: வின்ஸ் லொம்பார்டி

உதைபந்தாட்டம் என்றதும் உங்கள் மனக்கண்முன் வருவது காலால் உதைத்து ஆடும் ஆட்டம். அமெரிக்கர் அதே பெயரால் அழைக்கும் ஆட்டமோ வேறு. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். எதிரணியினர் ஓடுபவனைப் பிடித்து நிலத்தில் வீழ்த்துவார்கள். தலைக்கவசம் அணியாமல் எவரும் களத்தில் இறங்குவதில்லை. முரட்டு ஆட்டந்தான். அந்த ஆட்டத்தின் பயிற்றுவிப்பாளர்களில் இன்றும் முதல்வராகப் பேசப்படும் ஒருவர், இளமையில் குருவாக விரும்பிக் குருமடம் சென்றவர் என்பதை நீங்கள் அறிவீர்களா?

வின்ஸ் லொம்பார்டி 1913ஆம் ஆண்டு யூன் 11ஆம் திகதி நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில், இத்தாலிய வழிவந்த குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை இறைச்சி வியாபாரி. ஐந்து பிள்ளைகளில் இவரே மூத்தவர். பூசைக்கு உதவி செய்து வளர்ந்த சிறுவன் 1928இல், பதினைந்தாம் வயதில், சிறிய குருமடத்தில் சேர்ந்தான். ஆறாண்டுப் படிப்பில் நான்காண்டு முடிந்தபோது, தனக்குரிய வழி இதுவன்று எனக் கண்டு வெளியேறினான். குருமடத்தை விட்டுவந்த பிள்ளையை ஏதோ குற்றம் செய்தவனைப்போல் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. இந்தப் பிள்ளை குருமடத்தில் பழகிய ஒன்றை மட்டும் கடைசிவரை விடவில்லை: அன்றாடத் திருப்பலி.

பின்பு யேசு சபையினரின் போர்டம் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1936இல் அதன் அணியின் முன்வரிசை வீரர் எழுவரைப் பத்திரிகைகள் ஏழு கருங்கற்கள் என்று புகழ்ந்தன. ஐந்தடி எட்டங்குல உயரமே உடைய லொம்பார்டி அவர்களில் ஒருவர். பட்டம் பெற்றபின் சட்டம் படிக்கத் தொடங்கி, அதையும் இடைநடுவில் விட்டார்.

1939இல் நியூ ஜேர்சி மாநிலத்துப் புனித செசிலியா கத்தோலிக்க உயர்தரப் பாடசாலையில் ஆசிரியரானார். இலத்தீன், இரசாயனம், பௌதிகம் கற்பித்தார். மாலையில் ஆட்டம் பழக்கினார். அடுத்த ஆண்டு மேரி என்பவரை மணந்தார். எட்டாண்டு நீடித்த இந்த ஆசிரியப் பணியே அவரை உருவாக்கியது என்பது என் எண்ணம். வகுப்பில் மிக மெதுவாக விளங்கிக்கொள்ளும் மாணவனுக்கும் விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்வதே அவருடைய முறை. பிற்காலத்தில் ஜோன் மடன் என்ற மற்றொரு பயிற்றுவிப்பாளர் லொம்பார்டியின் விரிவுரைக்குச் சென்றார். பந்தைப் பக்கவாட்டாகச் சுற்றிக்கொண்டு ஓடும் ஒரேயொரு ஆட்டமுறையைப் பற்றி லொம்பார்டி அன்று எட்டு மணி நேரம் பேசினாராம்!

வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் ஐந்தாண்டும், நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியில் ஐந்தாண்டும் துணைப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். தலைமைப் பதவி மட்டும் வந்துசேரவில்லை. தம் இத்தாலியப் பெயரே தடையாக நிற்கிறதோ என்ற கசப்பு அவர் உள்ளத்தில் இருந்தது. ஒருவாறு 1959இல், நாற்பத்தைந்து வயதில், விஸ்கொன்சின் மாநிலத்துக் கிறீன் பே என்ற சிறு நகரின் அணி அவரை அழைத்தது. அந்த அணிக்கு முதலாளி எவருமில்லை. ஊர்மக்களே பங்கு வாங்கி நடத்திவந்தனர். முந்திய ஆண்டில் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களில் அது வென்றது ஒன்று மட்டுமே.

முதலாண்டிலேயே ஏழு வெற்றிகள். 1960இல் இறுதிப் போட்டியில் பிலடெல்பியா அணியிடம் தோற்றது. அதன்பின் லொம்பார்டியின் தலைமையில் அந்த அணி எந்த இறுதிப் போட்டியிலும் தோற்கவில்லை. 1961, 1962, 1965, 1966, 1967 என ஏழாண்டுகளில் ஐந்து முறை வாகை சூடியது. முதலிரு சுப்பர் போல் போட்டிகளும் அவருக்கே.

கறுப்பின வீரரை ஏற்க மறுக்கும் விடுதியோ உணவகமோ தம் வீரர் எவருக்கும் ஆகாது என்று அவர் கட்டளையிட்டார். பெயரால் ஒதுக்கப்படுவதன் வேதனையைத் தாமே அனுபவித்தவர் அல்லவா?

1967 டிசம்பர் 31ஆம் திகதி டலஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தை அமெரிக்கர் இன்னும் மறக்கவில்லை. உறைநிலைக்குக் கீழே இருபத்தைந்து பாகை செல்சியஸ் குளிர். ஆடுகளம் உறையாதிருக்க லொம்பார்டி நிலத்தின்கீழ் மின்கம்பிகள் பதித்திருந்தார். அன்று அவை பயன்படாமற் போக, களம் பனிக்கட்டியாகியது. நடுவர்களின் ஊதுகுழல்களும் உறைந்துபோயின. பதினாறு வினாடிகளே மிஞ்சியிருக்க, கிறீன் பே மூன்று புள்ளிகள் பின்னால். எல்லைக்கோடோ ஒரு யார் தூரத்துக்குள். பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்திருந்தால் சமநிலை. அதை நாடாமல் கோட்டைத் தாண்டவே துணிந்தார்கள். தவறியிருந்தால் நேரம் முடிந்திருக்கும். பார்ட் ஸ்டார் பந்துடன் தாமே புகுந்து விழுந்தார். 21க்கு 17 என வெற்றி!

வாசகர்களே, இவரை மாசற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. காலையில் புனித வில்லிபுரோட் ஆலயத்தில் முழந்தாளில் நின்றவர், அன்று மாலையே களத்தில் வீரர்களைத் திட்டித் தீர்ப்பார். அந்தக் கோபத்தோடு அவர் கடைசிவரை போராடினார், முற்றாக வென்றாரில்லை. அணிக்குக் கொடுத்த நேரத்தை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. மனைவியின் தனிமையையும், தந்தையின் அருகாமைக்கு ஏங்கிய மகனையும் மகளையும் பற்றி அவருடைய வாழ்வை எழுதியோர் மறைக்காமல் எழுதியுள்ளனர். வெற்றியே எல்லாம் எனப் பொருள்படும் வாசகமொன்று அவர் பெயரில் உலவுகிறது. அவருக்கு முன்னரே வேறொரு பயிற்றுவிப்பாளர் சொன்னது அது.

1969இல் வாஷிங்டன் அணியைப் பொறுப்பேற்று, பல்லாண்டுத் தோல்விகளின் பின் அதைத் தலைநிமிரச் செய்தார். அடுத்த ஆண்டு யூனில் குடலில் புற்றுநோய் கண்டது. யேசு சபையினரின் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1970 செப்டெம்பர் 3ஆம் திகதி, ஐம்பத்தேழாம் வயதில் காலமானார். நியூயோர்க் புனித பற்றிக் பேராலயத்தில் கர்தினால் குக் ஆண்டகை அடக்கத் திருப்பலியை ஒப்புக்கொடுக்க, அவரிடம் பயின்ற வீரர்கள் கூடிநின்றனர். சுப்பர் போல் வெற்றிச் சின்னம் அன்றுமுதல் அவர் பெயரைத் தாங்குகிறது. உடல் நியூ ஜேர்சியில் மிடில்ரவுன் ஊரின் ஒலிவமலைச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டது.