மன்னர் கல்லூரியின் முதல் மாணவி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி ஒருவர்)

புதுக்கோட்டை மண்ணில் பிறந்து புகழ் பெற்றோர் பலர். அவர்களுள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரைச் சிறு வயது முதலே நான் கேட்டு வந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்காக அவரது வரலாற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்து, ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பரிசாகப் பெற்றேன். ஆண்டுகளைத் தவறின்றிச் சொன்னேனே தவிர, அவர் மருத்துவரானதால் எங்கள் வீட்டுக்கு என்ன நன்மை என்பது அன்று எனக்குத் தெரியாது. சென்ற ஆண்டு மாசி மாதம் என் தாயார் நோயுற்றபோதுதான் அது தெரிந்தது.

அதை இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். தாயாரிடமே கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஊர்ப் பெயரைப் போடாமல் எழுதிக்கொள்ளும்படி சொன்னார்.

எங்களுடையது ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூர். தாயார் கடலைக் கொல்லைகளில் களையெடுக்கப் போவார். கொல்லையில் பெண்கள் ஒதுங்க மறைவிடம் கிடையாது. ஆகையால் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டால் பொழுது சாயும்வரை சிறுநீரை அடக்கியே வைத்திருப்பார். அடக்குவதற்கு வசதியாகத் தண்ணீரும் குடிக்கமாட்டார். கல்லூரிக்குப் பேருந்தில் போகும் நாளில் நானும் அப்படியே செய்யவேண்டும் என்பது அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

அவருக்கு நீர்க்கடுப்பு வந்தது. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை விழுங்கினார். நெருஞ்சி முள் கஷாயம் வைத்துக் குடித்தார். கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வலி பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் மருத்துவரிடம் போயிருக்கிறார். உள்ளே நாற்காலியில் ஆண் மருத்துவர் இருப்பதைப் பார்த்ததும் நாவெழவில்லை. தலைவலி என்று சொல்லி, தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மருத்துவர் மீது குற்றமில்லை. சொன்ன நோய்க்குத்தான் அவர் மருந்து கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வந்தன. விலாவின் பின்புறம் வலித்தது. குடித்த கஞ்சி தங்கவில்லை. நகரத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே இருந்தவர் பெண் மருத்துவர். என் தாயார் அவரிடம் ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, நூறாண்டுகளுக்கு முன் இப்படி ஒரு நாற்காலியில் முதன்முதலாகப் போய் அமர்ந்த அம்மையாரின் நினைவு வந்தது. ஆறாம் வகுப்பில் ஒப்பித்த வரலாற்றை மீண்டும் ஒருமுறை, இம்முறை பொருள் விளங்கப் படிக்கவேண்டும் என்று தோன்றியது.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், அப்போது தனிச் சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசையும் நடனமும் குலத்தொழிலாகக் கொண்ட மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தால் நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். படித்த குடும்பத்தில் பிறந்தும், ஊராரின் பார்வையில் குறையோடு பிறந்த பெண்ணாகவே அம்மையார் வளர்ந்தார்.

பருவமடைந்ததும் பள்ளிக்குப் போவது நின்றது. எனினும் வீட்டிலிருந்தபடியே பாடங்களைக் கற்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். திருமணம் செய்துவைக்க வீட்டில் விரும்பினார்கள். அவரோ மேலே படிக்க விரும்பினார். ஆனால் சமஸ்தானத்தில் இருந்தது ஆண்கள் கல்லூரி ஒன்றே.

அதுதான் இன்று நாம் படிக்கும் மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி. பெண் ஒருத்தியைச் சேர்த்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி அளித்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்கு வந்து, வகுப்பில் திரை மறைவில் அமர்ந்து அம்மையார் பாடம் கேட்டார் என்று சொல்வர். இன்று இதே கல்லூரியில் மாணவியர் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனக்குத் திரை எதுவும் இல்லை.

மருத்துவக் கல்வி

1907-இல் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் படித்த முதல் பெண் அவரே என்று நானும் பேச்சுப் போட்டியில் முழங்கியிருக்கிறேன். அது சரியன்று. 1875-இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் அங்கே சேர்க்கப்பட்டனர். ஆனால் அந்த நால்வருக்கும் நம் அம்மையாருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. புதுக்கோட்டைத் தெருவிலிருந்து, ஊராரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே, தமிழ்ப் பெண்ணாக அங்கே போய்ச் சேர்ந்தவர் இவர். பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912-இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றினார்.

அக்காலத்து மருத்துவத்தை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். சிறுநீரைச் சோதனைக் குழாயில் கொதிக்க வைத்துப் புரதம் திரிகிறதா என்று பார்ப்பார்கள். உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் சீழணுக்களைத் தேடுவார்கள். நாம் ஆய்வகத்தில் சர்க்கரையைக் கண்டறியச் செய்யும் பெனடிக்ட் சோதனை, அம்மையார் மருத்துவம் பயின்ற அதே ஆண்டுகளில் வெளிவந்ததுதான். நோயைக் கண்டறிய இவ்வளவேனும் வழி இருந்தது. கிருமியைக் கொல்லத் தக்க மருந்துதான் இல்லை. சல்பா மருந்துகள் 1930-களிலும், பென்சிலின் 1940-களிலும்தான் மக்களுக்குக் கிடைத்தன. அதற்கு முன்பு சிறுநீரகம்வரை ஏறிய கிருமி உயிரையே பறிக்கக்கூடியதாக இருந்தது. கருவுற்ற பெண்ணாயின் ஆபத்து இரு உயிருக்கு. அத்தகைய காலத்தில் ஒரு நோயாளி தன் நோயைத் தொடக்கத்திலேயே சொல்வது எத்துணை முக்கியம்! ஆண் மருத்துவரிடம் சொல்ல நாணிய பெண்களுக்கு அந்தச் சொல்லும் வாய்ப்பே கிடையாது. அந்த வாய்ப்பைத் தந்ததுதான் அம்மையார் பெற்ற பட்டத்தின் முதற்பயன் என்பது என் எண்ணம்.

இல்வாழ்வும் பொதுவாழ்வும்

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் திருமணத்துக்கு இசைந்தார். இரு ஆண்மக்களைப் பெற்றார். 1925-இல் இங்கிலாந்து சென்று, பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றார். 1926-இல் பாரிஸ் மாநகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்டார்.

நாடு திரும்பியபின் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் நடத்திய போராட்டத்தை யாவரும் அறிவர். தம் தாயாரின் மரபுக்கு நேர்ந்த இழிவைத் துடைக்க அவர் தொடங்கிய அந்தப் பணி, 1947-இல்தான் முழுமையான சட்டமாக நிறைவேறியது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடத்தவேண்டும் என்றும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றும் அவர் மன்றத்தில் வற்புறுத்தினார். 1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதை எதிர்த்துப் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

தங்கையின் மரணம்

அம்மையாரின் வாழ்வில் என்னை மிகவும் உலுக்கியது அவருடைய தங்கையின் மரணம். தங்கைக்கு வந்த நோயை வயிற்றுக்கடுப்பு என்று எண்ணி அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-இல் தங்கை இறந்தார். வீட்டிலேயே இரண்டு மருத்துவர்கள் இருந்தும் ஓர் உயிரைக் காக்க இயலவில்லை. தவறாகக் கண்டறியப்பட்ட நோய் என்ன செய்யும் என்பதை அம்மையார் புத்தகத்தில் படிக்கவில்லை; தம் வீட்டுக் கட்டிலில் பார்த்தார்.

அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் பொருள் திரட்டினார். சாகப் போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்று எண்ணியவர்கள் பலர். 1952-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எளிய குடிசைகளில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. இன்று அது நாடறிந்த நிலையமாக விளங்குகிறது. 1956-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாட்களே இருக்க, அம்மையார் இயற்கை எய்தினார்.

என் தாயாரின் நோய்

இனி என் தாயாரிடம் வருகிறேன். அந்தப் பெண் மருத்துவர் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பியதோடு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். இன்ன கிருமி, இன்ன மருந்துக்கு அடங்கும் என்பது அதில் தெரியும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, இடையில் வருவதைத் தூய குப்பியில் பிடிக்கவேண்டும். குடலில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமியே பெரும்பாலும் இந்நோய்க்குக் காரணம். ஆணின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்; பெண்ணுக்கோ 4 சென்டிமீட்டர்தான். கிருமி பைக்குள் ஏறும் வழி குறுகியதாக இருப்பதால்தான் பெண்களுக்கு இந்நோய் மிகுதி. இதில் ஒழுக்கக் குறைவோ, வெட்கப்பட ஏதுமோ இல்லை. நீர் குடிக்காமலும் அடக்கியும் வைத்தால், உள்ளே புகுந்த கிருமி கழுவப்பட்டு வெளியேறாமல் பெருகுகிறது. பையிலிருந்து மேலேறிச் சிறுநீரகத்தை எட்டினால் குளிர்காய்ச்சலும் விலாவலியும் வாந்தியும் வரும். தாயாருக்கு நேர்ந்தது அதுவே.

நான்கு நாள் மருத்துவமனையில் ஊசி போட்டார்கள், பின்பு மாத்திரைகள். வலி நின்றதும் மீதி மாத்திரைகளை அடுத்த முறைக்கென அரிசிப் பானையில் பத்திரப்படுத்தப் பார்த்தார் தாயார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும் என்று சொல்லி, முழுவதையும் விழுங்க வைத்தேன்.

மருத்துவர் சொன்ன வேறு சிலவற்றையும் குறித்துவைத்தேன். கருவுற்ற பெண்ணுக்கு எரிச்சலோ வலியோ இல்லாமலும் சிறுநீரில் கிருமி இருக்கலாம். அது சிறுநீரகத்துக்கு ஏறிக் குறைப்பிரசவத்துக்கும் காரணமாகலாம். ஆகவே சிறுநீர்ச் சோதனையைத் தட்டிக் கழிக்கக்கூடாது. கருவுற்றோருக்கு நம் மாநில அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அம்மையாரின் பெயரையே தாங்கியிருக்கிறது. அடுத்தது, ஆண்களுக்கும் உரியது: வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்தால், ஒரே முறை வந்து நின்றாலும், சூடு என்று இருந்துவிடலாகாது. கல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம். சிறுநீர்ப்பையில் புற்றாகவும் இருக்கலாம். இதைக் கேட்டபோது, அம்மையாரின் தங்கையே என் கண்முன் வந்தார். பெயர் தெரியாத நோய்க்குத் தெரிந்த பெயரை வைத்துக்கொண்டு காலத்தைப் போக்குவது நூறாண்டுகளுக்குப் பின்னும் நம் வீடுகளில் நின்றபாடில்லை.

முடிவுரை

அன்புத் தோழியரே, தோழர்களே! அம்மையாரின் பிறந்த நாளில் படத்துக்கு மாலையிடுகிறோம். அதனினும் அவர் மகிழத் தக்கது வேறொன்று உண்டு. தண்ணீர்ப் புட்டியைக் காலியாகவே வீட்டுக்குக் கொண்டு போங்கள். வேலைத் தலங்களிலும் பயணத்திலும் பெண்களுக்குக் கழிப்பிடம் வேண்டும் என்பதைக் கூசாமல் கேளுங்கள். தாயும் தமக்கையும் முகம் சுளித்துக்கொண்டு நடந்தால் காரணத்தைக் கேளுங்கள். இதைக் கேட்கும் கடமை மகன்களுக்கும் உண்டு. என் தாயாரிடம் நான் கேட்டிருந்தால் அந்தத் தலைவலி மாத்திரை வந்திராது.

அம்மையார் திரை மறைவில் அமர்ந்து படித்தது, நாம் திரையின்றிப் படிப்பதற்காக. நாம் திரையின்றிப் படித்துவிட்டு நோயை மட்டும் திரைக்குப் பின்னால் வைத்திருப்பது நியாயமாகாது.

தாயார் இப்போது களையெடுக்கப் போகும்போது ஒரு பெரிய தூக்குவாளியில் தண்ணீர் கொண்டு போகிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரை அந்த மருத்துவரிடம் அவரே அழைத்துப் போய் வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. இம்மலர் வெளிவந்ததும் இக்கட்டுரையை நான்தான் படித்துக் காட்டவேண்டும். ஊர்ப் பெயர் இதில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் படிப்பேன்.