ஒளிமாற்றம் கண்ட ஹொவ்மைஸ்ரர்

ஜேர்மனியின் சொன்னபேர்க் நகரில் 1892ஆம் ஆண்டு பிறந்த வானியலறிஞர் கூனோ ஹொவ்மைஸ்ரர், 1925இல் ஆங்கோர் வானாய்வகம் நிறுவினார். ஒளிமாறும் விண்மீன்கள் ஏறத்தாழ 10,000 கண்டறிந்தார். 1929இல் பல்லி உடுத்தொகுதியில் அவர் கண்ட ஒன்றும் விண்மீனென்றே பட்டியலிற் சேர்ந்தது. 1968 சனவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே அப்பொருள் வானொலி அலை வீசுவது புலனாயிற்று.

அது விண்மீனன்று, 90 கோடி ஒளியாண்டளவு தொலைவிலுள்ள அண்டமொன்றின் நடுவே அமைந்த பெருங்கருந்துளையின் செயல். ஆங்கிருந்து ஒளிவேகத்தை அண்மிய தாரையொன்று நம்மை நோக்கிப் பாய்கின்றது. தாரையின் இலத்திரன்கள் புதுவலுப் பெறுங்கால் ஒளி மிகுந்து நிறம் நீலஞ்சாரும். வலுவிழக்குங்கால் மங்கிச் சிவக்கும். இத்தகையனவற்றைப் பிளேசார் என்பர்.

காரணம் துலங்குமுன்னரே கண்டதைக் கண்டவாறு குறித்துவைத்தார் அப்பெரியார். அவ்வொழுக்கத்தையே நம் மாணவரும் கைக்கொள்ள விழைகின்றோம்.