முப்பது வயதில் அரிச்சுவடி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து நம் பள்ளிக்கு வரும் சின்னஞ்சிறு தங்கையர் முதன்முதலாக 'அ' எழுதுவதை நாம் கண்டிருக்கிறோம். சகோதரி அந்தப் பிஞ்சு விரல்களைப் பிடித்து, எங்கே தொடங்குவது, எங்கே வளைப்பது, எங்கே முடிப்பது என்று காட்டுவார். அந்த வயதில் இப்படிக் கற்பதில் யாருக்கும் வெட்கமில்லை. ஆனால் உயர்கல்வி முடித்து, பிறருக்கு ஆசிரியராகவும் இருந்த ஒருவர், முப்பது வயதில் மீண்டும் அரிச்சுவடி மாணவராக அமர்ந்தார். அவரே மத்தேயோ ரிச்சி அடிகளார்.

இத்தாலி நாட்டு மச்சேரத்தா நகரில் 1552 அக்டோபர் 6 அன்று பிறந்த ரிச்சி, 1571-ல் சேசு சபையில் சேர்ந்தார். உரோமையில் கணிதமும் வானவியலும் பயின்றார். 1578 செப்டம்பரில் கோவாவில் வந்திறங்கினார். கோவாவிலும் கொச்சியிலும் ஆசிரியப் பணி புரிந்தார். 1580-ல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். இந்திய மாணவர்களுக்கு மெய்யியலும் இறையியலும் கற்பிக்க வேண்டாம் என்ற எண்ணம் அங்கே தலைதூக்கியபோது, அது தவறென்று 1581-ல் உரோமையிலிருந்த சபைத் தலைவருக்கே கடிதம் எழுதினார். கல்வி எல்லோருக்கும் உரியது என்பதில் அவருக்கு ஐயமில்லை.

1582 ஆகஸ்டில் அவர் மக்காவ் துறைமுகத்தை அடைந்தார். சீன மொழி கற்கும் கடமை காத்திருந்தது. அங்கே நம் மொழியைப் போன்ற நெடுங்கணக்கு இல்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகளைத் தனித்தனியே நெஞ்சில் பதிக்க வேண்டும். எழுதுகோலோ மயிர்த் தூரிகை. கோடுகளை இழுப்பதற்கும் வரிசை உண்டு. மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக எழுத வேண்டும். குறுக்குக்கோடு முதலில், நெடுங்கோடு பின்பு. கட்டம் போன்ற எழுத்தானால் மூன்று பக்கங்களை வரைந்து, உள்ளே எழுத வேண்டியதை எழுதி, கடைசியில் அடிக்கோட்டால் மூட வேண்டும். வீட்டுக்குள் ஆள் நுழைந்த பிறகு கதவைச் சாத்துவது போல!

பத்து என்னும் எண்ணுக்குரிய சீன எழுத்து நம் சிலுவை வடிவிலேயே இருக்கிறது. அதிலும் குறுக்குக்கோடே முதலில் வரும். எப்படி எழுதினால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். விரைந்து எழுதுகையில் தூரிகை ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு இழைந்து செல்லும். வரிசை பிறழ்ந்தால் அந்த இழையும் பிறழ்ந்து, படிப்பவர் திகைப்பார். புள்ளி வைத்துக் கோலமிடும் நமக்கு இது புரியாததா?

1583-ல் சாவோசிங் நகரில் குடியேறிய ரிச்சி, சீன ஆசிரியரை அமர்த்திக்கொண்டு கற்றார். பின்னர் அவர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1592-ல் இரவில் வீடு புகுந்தவர்கள் தாக்கியபோது கால் ஊனமுற்றது. ஆயினும் பாடம் நிற்கவில்லை. கன்பூசிய நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். 1595-ல் நட்பைப் பற்றிச் சீன மொழியிலேயே நூல் இயற்றினார். அவ்வாண்டு நான்சாங் நகர அறிஞர்கள் தொடர்பின்றி எழுதித் தந்த நூற்றுக்கணக்கான எழுத்துகளை ஒருமுறை படித்துவிட்டு, முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னுமாக ஒப்புவித்தார். சீனர் அவரை லீ மாதோ என்று தம் மொழிப் பெயரால் அழைத்தனர்.

1601 ஜனவரியில் அவர் பீக்கிங் சென்றார். பேரரசரிடம் அவரைச் சேர்த்தவை மணி அடிக்கும் கடிகாரங்கள். அறிஞர்களிடம் சேர்த்தது அவர் கற்ற எழுத்து. 1602-ல் சீன எழுத்துகளில் பெரிய உலகப்படம் வெளியிட்டார். ஷூ குவாங்சி என்ற அறிஞருடன் சேர்ந்து யூக்ளிட் நூலின் முதல் ஆறு பகுதிகளை மொழிபெயர்த்து 1607-ல் தந்தார். வடிவகணிதத்துக்கு அன்று வழங்கிய பெயரையே சீன மாணவியர் இன்றும் சொல்கின்றனர்.

1610 மே 11 அன்று அவர் இறந்தபோது, அந்நியரான அவருக்குப் பேரரசரே பீக்கிங்கில் கல்லறை நிலம் அளித்தார். 2022 டிசம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அன்புச் சகோதரிகளே, பெயரெழுதத் தெரியாமல் கைநாட்டு வைக்கும் பாட்டிமார் நம்மில் சிலர் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். இனி என்ன படிப்பு என்று அவர்கள் கூச்சப்படுவார்கள். இந்த விடுமுறையில் அவர்களுக்கு ரிச்சி அடிகளாரின் கதையைச் சொல்வோம். பிறகு சிலேட்டை மடியில் வைத்து, நம் விரல்களைச் சகோதரி பிடித்தது போலவே அவர்கள் விரல்களைப் பிடித்து, 'அ'வை எங்கே தொடங்குவது என்று காட்டுவோம்.