வாழ்ந்து காட்டிய ஜான் உல்மன்

சமயத்தை நாவினால் பேசுவோர் பலர். நாள்தோறும் வாழ்ந்து காட்டுவோர் சிலர். அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவர் ஜான் உல்மன். அவர் பெரும்பட்டங்கள் பெற்றவர் அல்லர். படை நடத்தியவரும் அல்லர். தையல் தொழிலால் குடும்பம் காத்தவர். கிறித்தவ விசுவாசம் ஒருவருடைய தொழிலிலும் உடையிலும் உணவிலும் வெளிப்பட வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையை நாம் சான்றாகக் கொள்ளலாம்.

1720 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள், அமெரிக்காவில் அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த நியூ ஜெர்சியில், உழவர் குடும்பம் ஒன்றில் உல்மன் பிறந்தார். அக்குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். போரை வெறுப்பதும், எளிமையைப் போற்றுவதும், மௌனமாக அமர்ந்து இறைவனை வழிபடுவதும் அவர்தம் நெறி. ஆயினும், கறுப்பின மக்களை விலைக்கு வாங்கி அடிமைகளாக வைத்திருப்பதை அவர்களுள் பலர் குற்றமாகக் கருதவில்லை. வழிபாட்டில் அமைதி; வயலில் அடிமை! இம்முரண்பாடே உல்மனின் உள்ளத்தை உறுத்தியது.

தமது 21 ஆம் வயதில் அவர் மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்தார். ஒருநாள் முதலாளி, தம் அடிமையான கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்பதற்குக் கிரயப் பத்திரம் எழுதப் பணித்தார். வாங்குபவரோ முதிய குவேக்கர். உல்மன் மனம் ஒப்பாமலே எழுதினார். அடிமை வைத்திருப்பது கிறித்தவ சமயத்திற்கு ஒவ்வாது என்று அவ்விருவரிடமும் கூறவும் செய்தார். ஆனால் அச்சொல் அப்பெண்ணை விடுவிக்கவில்லை. பின்னாளில் உல்மன் எழுதி வைத்த வாழ்க்கைக் குறிப்பிலும் அவள் பெயர் இடம்பெறவில்லை.

அதன்பின் வேறொருவர் அத்தகைய பத்திரம் கேட்டு வந்தபோது அவர் எழுத மறுத்துவிட்டார். உடலில் அடிபட்டு வருந்திய அயலார் ஒருவர் உயில் எழுதித் தரக் கேட்டார். அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விடுத்து, ஏனையவற்றை எழுதிப் படித்துக் காட்டினார் உல்மன். எழுதியதற்குக் கூலி வேண்டாம் என்றும், எஞ்சியதைத் தம்மால் எழுத இயலாது என்றும் பணிவுடன் தெரிவித்தார். நெடிது உரையாடியபின் அவர் அப்பெண்ணை விடுவிக்க இசைந்தார். அதன் பின்னரே உயில் நிறைவுற்றது.

1746 இல் தென்பகுதிகளுக்குச் சென்று அடிமைகளின் துயரை நேரிற் கண்ட உல்மன், அக்கொடுமையைக் கண்டித்து எழுதிய நூல் 1754 இல் வெளிவந்தது. வாணிகம் பெருகி வந்த காலத்திலேயே, 1756 இல், அதனைக் கைவிட்டுத் தையலும் தோட்டமுமே போதும் என்று அமைந்தார். 1757 இல் மீண்டும் தென்பகுதிக்குச் சென்றபோது, அடிமைகள் பணிசெய்யும் வீடுகளில் விருந்தினராகத் தங்க நேர்ந்தது. அவர்களது உழைப்பை இலவசமாகத் துய்க்க மனமின்றி, வெள்ளி நாணயங்களை அவர்களுக்குக் கூலியாக அளித்தார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தவிர்த்தார். சாயம் அழுக்கை மறைக்கவே பயன்படுகிறது என்று எண்ணிச் சாயமிடாத ஆடையையே உடுத்தினார். சபையாருள் சிலர் அவரை விந்தை மனிதராக நோக்கினர். அவரோ எவரையும் வசைபாடவில்லை. தம் வழியையும் மாற்றவில்லை.

1772 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, அலங்காரம் மிகுந்த அறையை விடுத்து, மாலுமிகளுக்கு அருகே கீழ்த்தளத்தில் பயணம் செய்தார். அங்கே அஞ்சல் வண்டிகளின் குதிரைகளும் ஏவற்சிறுவர்களும் வதைபடுவதை அறிந்து, வண்டியேறாமல் நடந்தே ஊர்தோறும் சென்றார். யார்க் நகரில் பெரியம்மை கண்டு, அவ்வாண்டு அக்டோபர் 7 ஆம் நாள் உயிர் நீத்தார். 1776 இல் பிலடெல்பியாவின் குவேக்கர் பேரவை, அடிமை வைத்திருப்போர் தம் சபையில் உறுப்பினராய் இருத்தலாகாது என்று விதித்தது.

உல்மன் ஒருவரால் அடிமைத்தனம் அழிந்தது என்று நாம் கூறவில்லை. கறுப்பின மக்கள் தாமே நடத்திய நெடும் போராட்டமும், பெரியதோர் உள்நாட்டுப் போரும் கடந்து, 1865 இல்தான் அமெரிக்காவில் அது சட்டப்படி ஒழிந்தது. ஆனால், எழுதுகோலைப் பிடித்த கை எதை எழுத மறுக்க வேண்டும் என்பதை அவர் தம் சொந்த இழப்பில் காட்டினார்.

இளைஞர்களே! எழுத்து மறுக்கப்பட்ட முன்னோரின் வழிவந்தவர் நாம். இன்று நம் பிள்ளைகள் அலுவலகங்களில் அமர்ந்து பிறருடைய விண்ணப்பங்களையும் கணக்குகளையும் எழுதுகின்றனர். நமக்கும் கீழே ஒருவர் நிற்கும்போது அவருக்கு உரிய கூலியும் மதிப்பும் நம் கையால் கிடைக்கின்றனவா என்று நாள்தோறும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. விற்கப்பட்ட அப்பெண்ணுக்காக எழுத மறுப்பவர் அன்று எவரும் இலர். நம் மேசைக்கு முன் வந்து நிற்பவருக்கு அந்நிலை நேராதிருக்கட்டும்.